ஆளு நிக்கோணுமுன்னா

போனை வெச்சுட்டீங்களா தம்பி? ஒட்டுக் கேட்டேன்னு நெனைச்சுக்காதீங்க. நீங்க பேசுன பேச்சு டிரைவருக்கே கேட்டிருக்கும். "ஆளே நிக்க மாட்டேங்கறாங்க சார், போன மாசம் சேத்துன பசங்க இந்த மாசம் இல்லீங்க சார், நான் என்னதான் பண்றது சார்"னு ஆரோ பெரியாளுகிட்ட மன்றாடிட்டு இருந்தீங்கல்ல? அதைக் கேட்டுப்போட்டு என்னால சும்மா உக்கார முடியலீங்க. என்ன வியாபாரமுங்க உங்களுது? மோட்டார் பம்புங்களா? அதுவுஞ் சரி. மோட்டாரோ பாத்திரமோ, ஆளை வெச்சு விக்கறவன் படற பாடு ஒண்ணுதானுங்க.

ஒண்ணு மட்டும் சொல்றேன், மனசுல வெச்சுக்கங்க. ஆளு ஓடிப் போனா அது நம்ம தப்பில்லீங்க. அனுபவத்துல சொல்றேன். காங்கேயத்துல ஒரு பாத்திரக் கடையில மேனேஜரா இருந்தவன் நான். கடை பேரு வேண்டாம், சோறு போட்ட கடை. ராக்கியப்பன்னு சொன்னீங்கன்னா, சுத்துவட்டாரத்துல சீர்ப் பாத்திரம் எடுத்த வீட்டுல எல்லாம் தெரியும். மீசை மொளைக்காத வயசுல குடோன்ல அண்டா தூக்கற வேலைக்குச் சேந்தேன். அங்கிருந்து மேனேஜர் நாற்காலி வரைக்கும் வந்தேன். ஒரே கடை, ஒரே மொதலாளி. இந்தக் காலத்துல அப்படி ஒருத்தனைக் காட்டுங்க பாக்கலாம். காட்ட முடியாதுங்க.

அப்ப எங்க கடையில விக்கறதுக்கு ஏழு பேரு. அதுல பெரிய தலை சம்பூர்ணம். புருசன் லாரிக்குப் போயி வடக்க எங்கியோ தவறிட்டான். அப்பறம் இந்தப் பாத்திரத்தை வித்தே ரெண்டு பசங்களைப் படிக்க வெச்சா. ஒரு கலியாண வீட்டுக் கூட்டம் உள்ள வந்துச்சுன்னா, ஆரு காசு குடுக்கறவங்க, ஆரு முடிவு பண்றவங்க, ஆரு கோவிச்சுட்டு வெளிய போயி நிப்பாங்கன்னு, அவங்க செருப்பைக் கழட்டறதுக்குள்ள கண்டுபுடிச்சிருவா. ஆனா ஒரு கெட்ட பழக்கமுங்க. தான் பேசி முடிக்கற நேரத்துல, "கோகிலா, இங்க வா, நீ பில்லைப் போடு"ன்னு கடைசி ஆளைக் கூப்புட்டு உட்டுருவா. கோகிலவாணின்னா, காலேஜைப் பாதியில உட்டுட்டு வந்த பொண்ணு. வாயைத் தொறக்கவே கூச்சப்படும். அதுக்குத் தெகிரியம் வரோணுமாம். நானுஞ் சொல்லிப் பாத்தேன், "நீ கறந்த பாலை அடுத்தவ சொம்புல ஏன் ஊத்தறே?"ன்னு. "சொம்பு எல்லாம் ஒரே வூட்டுச் சொம்புதானுங்கண்ணா"ம்பா.

எப்படித் திருந்தும்? மொதலாளி பழக்குன பழக்கம் அப்படி. முகூர்த்த சீசன் முடிஞ்சுதுன்னா எல்லாத்துக்கும் ஒரே மாதிரி போனஸ் கவரு. சம்பூர்ணத்துக்கும் அதே, குடோன்ல இருக்கற நாச்சிமுத்துக்கும் அதே, பாத்திரத்துல பேர் வெட்டறவருக்கும் அதே. எனக்கு அது ஆரம்பத்துல இருந்தே ஆகாது. ஓடற குதிரைக்கும் கட்டிப்போட்ட குதிரைக்கும் ஒரே கொள்ளுங்களா?

அந்தச் சமயத்துல தாராபுரம் ரோட்டுல ஏசி போட்டு ஒருத்தன் பெரிய பாத்திரக் கடை தொறந்தான். எங்க மொதலாளிக்குப் பயம் புடிச்சுக்கிச்சு. கோயமுத்தூர்ல ஒரு ஓட்டல்ல வியாபாரிகளுக்குன்னு ஒரு நாள் வகுப்பு நடக்குதுன்னு ஆரோ சொல்லி, காசு கட்டிப்போட்டாரு. போற அன்னிக்கு அவருக்கு முட்டி வலி. "ராக்கியப்பா, நீ போயிட்டு வா"ன்னு அனுப்பிச்சாரு. போனேன். தம்பி, என் வாழ்க்கையில அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லீங்க. கோட்டுப் போட்ட ஒருத்தரு மேடையில இப்படியும் அப்படியும் நடந்துக்கிட்டே பேசறாரு. "ஒவ்வொரு மனுசனுக்குள்ளயும் ஒரு சிங்கம் தூங்குது. வயிறு நெறைஞ்ச சிங்கம் எந்திரிக்காது. பட்டினி போடுங்க, எந்திரிக்கும்!"னாரு. எல்லாரும் கையத் தட்டறாங்க. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. மத்தியானம் பிரியாணி போட்டாங்க, அதுகூடச் செரியா எறங்கலைன்னா பாத்துக்கங்க.

மறுநாள் காலையில கடை தொறந்ததும் எல்லாத்தையும் வரிசையா நிக்க வெச்சேன். சிங்கத்தைப் பத்திச் சொன்னேன். கை தட்டச் சொன்னேன். "நான் ஜெயிப்பேன், நான் ஜெயிப்பேன்"னு சத்தமாச் சொல்லச் சொன்னேன். துளசிமணின்னு ஒரு அம்மா, அம்பதைத் தாண்டுனவங்க, அவங்க வாயைப் பொத்திக்கிட்டு சிரிக்கறாங்க. சம்பூர்ணந்தான் கேட்டா.

"ஏனுங்கண்ணா, நம்ம விக்கறது பாத்திரந்தானுங்களே? சிங்கம் எதுக்குங்கண்ணா?"

"அதான் உனக்குப் புரியலை. உனக்குள்ள ஒண்ணு தூங்குது."

"தூங்கட்டுமுங்க. நாள் பூரா நிக்கறோம், அதாச்சும் தூங்கட்டும்."

சிரிப்புன்னா சிரிப்பு. நான் சிரிக்கலீங்க. மாத்தம் கொண்டு வரோணும்னு முடிவு பண்ணிட்டா சிரிக்கப்படாது. இதை நீங்களும் குறிச்சு வெச்சுக்கங்க.

அன்னிக்கே விதி போட்டேன். பொதுக் கவரு கெடையாது. ஆரு வித்தாங்களோ அவங்க பேருல பில்லு, அவங்களுக்குக் கமிஷன். வாரத்துல மொத வந்தவங்களுக்கு வெள்ளிக் காசு, வாசல்ல போட்டோ. கடைசியில வந்தவங்க பேரைச் சனிக்கிழமை சாயங்காலம் மைக்ல படிப்பேன். கடையில ஆரு இருந்தாலுஞ் செரி. அவங்க வந்து மைக்கை வாங்கி, "அடுத்த வாரம் நான் ஜெயிப்பேன்"னு சொல்லோணும். மூணு தடவை கடைசின்னா வேலை இல்லை. அவமானப்படுத்தறதுக்கு இல்லீங்க. உசுப்பி உடறதுக்கு. கோட்டுக்காரரு சொன்னாரு, வலிதான் வாத்தியாருன்னு.

மொத ரெண்டு வாரம் பாக்கோணுமே! வியாபாரம் ஏறுச்சுங்க. பொய் சொல்லலை, ஏறுச்சு. ரோட்டுல போறவங்களைக் கையப் புடிச்சு இழுக்காத கொறை. மொதலாளி என் தோள்ல தட்டிக் குடுத்தாரு. நான் மனசுக்குள்ள, "பாத்தியா, எந்திரிச்சிருச்சு சிங்கம்"னு நெனைச்சேன்.

அப்பறந்தான் இதுக குணம் வெளிய வந்துச்சு. ஒரு கரண்டி வேணும்னு ஒரு பாட்டி வந்தா, ஆரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. கரண்டிக்கு என்ன கமிஷன் வந்துரும்? நல்ல குக்கரை ஒருத்தி பீரோவுக்குப் பின்னால ஒளிச்சு வெக்கறா, தன் கஸ்டமர் சாயங்காலம் வருவாங்கன்னு. பித்தளை வெளக்குல தூசி படிஞ்சு கெடக்குது, தொடைக்க ஆளில்லை. தொடைக்கற நேரத்துல இன்னொருத்தி வித்துப்போடுவாளே! நாச்சிமுத்துகிட்டப் போயி, "மேல இருந்து பெரிய அண்டாவை எறக்குடா"ன்னா, "வித்தவங்களே எறக்கிக்கட்டுமுங்க, எனக்கு அதுல என்ன இருக்குது?"ங்கறான். பாருங்க தம்பி, இத்தனை வருசமா உள்ளுக்குள்ள எவ்வளவு சுயநலத்தை வெச்சுக்கிட்டு நல்லவங்க மாதிரி இருந்திருக்காங்க. நான் விதியைப் போட்டதுனாலதான் தெரிஞ்சுது.

கோகிலவாணி ரெண்டு வாரம் தொடர்ந்து கடைசி. மைக்கைக் கையில குடுத்தா, "அடுத்த வாரம்"ங்கற வரைக்குந்தான் வரும், அப்பறம் குரல் வராது. அதுக்கு மூணாவது வாரம். அப்ப என்ன ஆச்சுன்னு கேளுங்க.

முத்தூர்ப் பக்கத்துல இருந்து ஒரு அம்மா. தேங்காக் களத்துல கொப்பரை காய வெக்கற வேலை. ஒரே மக, கலியாணம் வெச்சிருக்காங்க. ரெண்டு தடவை வந்து பாத்துட்டுப் போனாங்க, சம்பூர்ணந்தான் காமிச்சா. "எவர்சில்வரே போதுமுங்கம்மா, பித்தளைக்கு ஒரு குத்துவெளக்கு எடுத்துக்கங்க, கண்ணுக்கு நெறைஞ்சிரும்"னு பேசி வெச்சிருந்தா. இதுவும் ஒரு வியாபாரமுங்களா? வந்தவங்களைக் கம்மியா வாங்குங்கன்னு சொல்றது? மூணாவது தடவை அவங்க வந்தப்ப சம்பூர்ணம் சாப்படப் போயிருந்தா. கோகிலா போயிப் புடிச்சுக்கிச்சு. அண்டா, வெந்நீர்த் தவலை, சோடி வெளக்கு, தாம்பாளம்னு எல்லாம் பித்தளையில, சீர் பூராவும் தலையில கட்டிருச்சு. "மாப்பிள்ளை வூட்டுல என்ன நெனைப்பாங்கம்மா? காலத்துக்கும் பேச்சாயிருங்கம்மா"ன்னு அந்தப் பொண்ணு பேசுன பேச்சு இருக்குதே! வாயே தொறக்காத பொண்ணுங்க அது. நான் கல்லாப் பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். சத்தியமாச் சொல்றேன், கண்ணுல தண்ணி வந்துருச்சு. நம்ம வளத்த புள்ளை நம்ம முன்னால ஓடற மாதிரி.

அடுத்த நாள் காலையில அந்தம்மா வந்து வாசல்ல நிக்கறாங்க. பின்னால மினி ஆட்டோவுல பாத்திரம் அத்தனையும். காதுல கம்மல் இல்லை. கம்மலை வெச்சுத்தான் காசு பொரட்டி இருக்காங்க. மகளுக்குத் தெரிஞ்சு, "எனக்கு இந்தச் சீரே வேண்டாம், கலியாணமே வேண்டாம்"னு ராத்திரி பூராவும் அழுதிருக்குது. "எடுத்துக்கங்க சாமி, எவர்சில்வரே குடுங்க"ன்னு கும்புடறாங்க.

"வித்த சரக்கைத் திருப்பி எடுக்கற வழக்கம் இல்லீங்கம்மா"ன்னு நாஞ் சொன்னேன். விதிங்க.

சம்பூர்ணம் குறுக்க வந்தா. "அண்ணா, இன்னும் பேர் வெட்டலீங்க. பேர் வெட்டாத பாத்திரத்தை எடுத்துக்கற வழக்கம் நம்மளுக்கு உண்டுங்கண்ணா. நீங்களே எத்தனையோ தடவை எடுத்திருக்கீங்க."

"எடுத்தா வித்தவ கணக்குல கழியும். தெரியுமில்ல?"

கோகிலா அங்கியே செவுத்துல சாஞ்சு நின்னுச்சு. கழிச்சா அது மூணாவது தடவை கடைசி. வேலை இல்லை. அது வூட்டுல அப்பன் படுத்த படுக்கை, எனக்குந் தெரியும். தெரிஞ்சு என்ன பண்றது, விதியை நாம வளைச்சா அப்பறம் அது கயிறுதானுங்களே?

சம்பூர்ணம் கோகிலாவைப் பாத்தா, அந்தம்மாவைப் பாத்தா. "மொதல்ல காமிச்சவ நாந்தானுங்களே. என்ற கணக்குல கழிச்சுக்கங்க"ன்னு கல்லாவுல சொல்லிப்போட்டு, பாத்திரத்தை எறக்கப் போயிட்டா. நாச்சிமுத்து வந்து கூட எறக்குனான். கமிஷன் இல்லாமயே எறக்குனான், பாருங்க. என்கிட்டன்னா மாட்டான்.

அந்தச் சனிக்கிழமை கணக்குப் பாத்தா, எப்பவும் மொத வர்ற சம்பூர்ணம் கடைசி.

நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? படிக்காம உட்டிருப்பீங்க. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. அதனாலதான் உங்ககிட்ட ஆளு நிக்கறதில்லை. நான் படிச்சேன். பெரிய தலைக்கு ஒரு விதி, சின்னத் தலைக்கு ஒரு விதின்னா அது கடையா? முகூர்த்த நேரம், கடை நெறைஞ்ச கூட்டம். மைக்கை எடுத்து, "இந்த வாரம் கடைசி இடம், சம்பூர்ணம்"னேன். 

அவ ஒரு அம்மாவுக்கு இட்டிலிப் பானை காமிச்சுக்கிட்டு இருந்தா. அதை மெதுவா மேசை மேல வெச்சா. "சித்தே இருங்கம்மா, என்னையத்தான் கூப்புடறாங்க"ன்னு சொல்லிப்போட்டு நேரா என்கிட்ட வந்தா. மைக்கை வாங்குனா.

"நாந்தான் சம்பூர்ணமுங்க. இந்த வாரம் நாந்தான் கடைசி. அடுத்த வாரம் நான் இங்க இருக்க மாட்டேனுங்க."

அவ்வளவுதான். மைக்கை என் கையில குடுத்துட்டுத் திரும்பப் போயி, அந்தம்மாவுக்கு இட்டிலிப் பானையை வித்து, தட்டு நாலும் செரியா உக்காருதான்னு பாத்துக் கட்டிக் குடுத்துட்டுத்தான் போனா. எவ்வளவு திமிரு பாருங்க. என்னைப் பாத்து ஒரு வார்த்தை கோவமாப் பேசியிருந்தாக்கூடப் பரவால்லீங்க. பேசலை. "வர்றனுங்கண்ணா"ன்னா. அதான் எனக்கு இன்னிக்கும்... சரி, அது கெடக்குது.

திங்கக்கிழமை கோகிலா வரலை. அடுத்து துளசிமணி. அப்பறம் ஒவ்வொண்ணா. தப்பு என் மேலயா? நீங்களே சொல்லுங்க. சம்பளத்தைக் கொறைச்சனா? ஏத்தித்தான் குடுத்தேன். நாச்சிமுத்து கணக்கு முடிக்க வந்து நிக்கறான். கேட்டேன்.

"ஏன்டா, சம்பளம் பத்தலையா?"

"பத்துதுங்க."

"உனக்குங் கமிஷன் வேணுமா? வாங்கித் தர்றேன்."

"வேண்டாமுங்க."

"பின்ன என்னதான்டா உனக்கு?"

"காலையில எந்திரிச்சா இங்க வர்றதுக்குக் காலு வர மாட்டேங்குதுங்க."

"காலுக்கு வைத்தியம் பாரு"ன்னேன். பின்ன என்னங்க, ஒரு காரணம் சொல்லோணுமில்ல மனுசன்?

புது ஆளு சேத்துனேன். சேத்திக்கிட்டே இருந்தேன். ஒருத்தன் மத்தியானம் சாப்படப் போனவன், போனவந்தான். ஒரு பொண்ணு வெள்ளிக் காசு வாங்குன அடுத்த நாளே அந்த ஏசிக் கடைக்குப் போயிருச்சு, போட்டோ இன்னும் எங்க வாசல்ல தொங்குது. சீர் வாங்க வர்றவங்க எல்லாம், "சம்பூர்ணம் இல்லீங்களா?"ன்னு கேப்பாங்க. "லீவு"ன்னு சொல்லிச் சொல்லி எனக்கு நாக்குத் தேஞ்சு போச்சு. தை மாசம் வந்துச்சு, முகூர்த்தம் மேல முகூர்த்தம். கடையில ஈ ஓட்டுனோம்.

மொதலாளி என்ன பண்ணுனாரு தெரியுங்களா? கோயமுத்தூர்ல இருந்து தீபக்குன்னு ஒரு பையனை மேனேஜராக் கொண்டாந்து என் நாற்காலியில உக்கார வெச்சாரு. எனக்கு? "அங்கிள், உங்க எக்ஸ்பீரியன்ஸ் ஃப்ளோர்ல இருந்தா நல்லா இருக்கும்"னு அவன் சொல்றான். அதாவது, நின்னு விக்கோணும். எனக்கும் டார்கெட்டு. எத்தனையோ வருசம் கழிச்சு நின்னு பாருங்க, சாயங்காலம் கணுக்காலு பூசணிக்கா மாதிரி வீங்கிருச்சு. ராத்திரி என் வூட்டுக்காரி ராசாமணி எண்ணெய் தேய்ச்சு உட்டா.

ஒரு சனிக்கிழமை. கடையில என் சம்பந்தி குடும்பத்தோட வந்து நிக்கறாரு. என் மகளைக் குடுத்த எடம். அவருக்கு நான் இன்னும் மேனேஜருன்னுதான் தெரியும். அந்தப் பையன் மைக்கை எடுத்தான். "இந்த வாரம் லாஸ்ட்டு... நம்ம ராக்கியப்பன் அங்கிள்! வாங்க அங்கிள், சொல்லுங்க அங்கிள்!"

சம்பந்தி கையில வெச்சிருந்த குக்கரைப் பாத்த மாதிரியே நின்னுக்கிட்டாரு. என் மூஞ்சியப் பாக்கலை. நல்ல மனுசன்.

நான் மைக்கை வாங்கலீங்க. மொதலாளி ரூமுக்குப் போனேன். "இத்தனை வருசம் இந்தக் கடைக்கு உழைச்சவன், என் பேரை ஊர் கேக்க மைக்ல படிக்க வெக்கறீங்களே, இது உங்களுக்கே நல்லா இருக்குதுங்களா? ஒரு மனுசனுக்கு மானம்னு ஒண்ணு கெடையாதா?"ன்னு கேட்டேன். அவரு மூக்குக் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு. "நீ கொண்டு வந்த விதிதான ராக்கியப்பா"ன்னாரு.

ஏனுங்க, அது வேற, இது வேற இல்லீங்களா? அவங்க பேரை நான் படிச்சது அவங்க முன்னேறோணும்னு. என் பேரை இவன் படிச்சது என்னைக் கேவலப்படுத்தோணும்னு. ரெண்டும் ஒண்ணுங்களா? என்ன தம்பி, நான் கேக்கறேன், நீங்க சன்னலைப் பாக்கறீங்க.

அன்னிக்கே செருப்பை மாட்டுனேன். அவங்க என்னை வேலையை உட்டு நிறுத்தலை, நானாத்தான் நின்னேன். அதைத் தெளிவா வெச்சுக்கங்க.

வூட்டுல உக்காந்தேன். டிவியைப் பாக்கறது, தென்னைக்குத் தண்ணி உடறது. ராசாமணி ஒரு நாள் காபியைக் குடுத்துட்டுப் பக்கத்துல உக்காந்து, "ஏனுங்க, அந்தச் சம்பூர்ணத்துக்கு அன்னிக்கு எப்படி இருந்திருக்கும்?"னு கேட்டா. "காபி ஆறிப்போச்சு, வேற போட்டுட்டு வா"ன்னேன். ஆறலீங்க. ஆனா அவளுக்கு வியாபாரம் தெரியாது. தெரியாதவங்ககிட்ட என்னத்தைப் பேசறது?

அப்பறம் ஒரு ஞாயித்துக்கிழமை, வாசல்ல சம்பூர்ணம் வந்து நிக்கறா. கையில ஒரு சீப்பு வாழைப்பழம். வெள்ளகோயில்ல ஒரு சின்னப் பாத்திரக் கடையில இருக்கறாளாம். கோகிலாவும் அங்கதான். துளசிமணியும் அங்கதான். நாச்சிமுத்துவுக்கும் காலு வந்துருச்சு போல, அங்க போயிருக்கறான். எங்க கடையே ஒட்டுக்கா அங்க போயி உக்காந்திருக்குது!

"அண்ணா, பங்குனி முகூர்த்தம் ஒரே நெருக்கடியா இருக்குதுங்க. ஒரு பத்து நாளைக்கு வந்து ஒத்தாசை பண்ணுங்கண்ணா. அண்டா, தவலை எடை போட்டு விக்கறதுக்கு உங்களாட்ட ஆளு இல்லீங்க."

நான் யோசிச்சேன். அவளுக்கு நெருக்கடி. என்கிட்ட வேலை கத்துக்கிட்டவ. வூடு தேடி வந்து கேக்கறா, மாட்டேன்னு சொல்றது மனுசத்தனமா? ஒத்தாசைக்குத்தான் போனேன் தம்பி. அவளுக்குக் கீழ வேலைக்குப் போனேன்னு எங்கியும் சொல்லிப்போடாதீங்க.

போயிப் பாத்தா, கடையாங்க அது? எங்க கடையில பாதிகூட இல்லை. மைக்கு இல்லை, போட்டோ இல்லை. காலையில தொறந்ததும் கை தட்டறதில்லை, எல்லாரும் சேந்து டீயைக் குடிக்கறாங்க. ஆளுக்கொரு ஸ்டூல் வேற. சீசன் முடிஞ்சா வந்த லாபத்துல ஒரு பங்கு எல்லாத்துக்கும் சமமா. "இது வெளங்காது"ன்னு மொத நாளே அந்தக் கடைக்காரர்கிட்டச் சொல்லிப்போட்டேன். அவரு சிரிச்சாரு. "அப்படித்தானுங்க ஏழு வருசமா வெளங்காம ஓடிட்டு இருக்குது"ன்னாரு.

மொத நாள் நான் ஒரு சொம்புகூட விக்கலைங்க. வாய் வரலை. ரெண்டாம் நாளும் இல்லை. கணுக்காலு வேற. சாயங்காலம் எல்லாரும் ஏதாச்சும் சொல்லுவாங்கன்னு காத்துக்கிட்டு இருந்தேன். ஆரும் ஒண்ணுஞ் சொல்லலை. சொல்லியிருந்தா நானும் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். நாச்சிமுத்து வந்து எதுத்தாப்பல நின்னான். நான் பேசறதுக்கு முந்தி, "அண்ணா, காலை மேல தூக்கி வெச்சு உக்காருங்க, நீர் எறங்கும்"னு சொல்லி இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டுட்டுப் போயிட்டான்.

மூணாம் நாள், ஒரு பெரிய பண்ணையக்காரரு, கோயில் அன்னதானத்துக்கு அண்டா வேணும்னு வந்தாரு. கோகிலா பேசிக்கிட்டு இருந்துச்சு. இப்ப அந்தப் பொண்ணு பேசறதைக் கேக்கோணும், மெரட்டாம, மன்றாடாம, கூடப் பொறந்தவங்ககிட்டப் பேசற மாதிரி. எல்லாம் முடியற நேரம். பில்லுப் போட வேண்டியதுதான் பாக்கி. அப்பப் போயி அந்தப் பொண்ணு சொல்லுதுங்க, "அண்டான்னா எங்க அண்ணனைக் கேளுங்கய்யா. தட்டிப் பாத்தே சொல்லிருவாரு, எது எத்தனை வருசம் வரும்னு. அண்ணா, சித்தே வாங்க."

எந்திரிச்சுப் போனேன். தட்டுனேன். பேசுனேன். மூணு அண்டா எடுத்துட்டுப் போனாரு. பெரிய விசயமில்லைங்க, நான் பாக்காத அண்டாவா? ஆனா அன்னிக்குச் சாயங்காலம் வூட்டுக்குப் போயி ராசாமணிகிட்ட அதையே மூணு தடவை சொன்னேனாம். அவ சொல்றா. எனக்கு நெனப்பில்லை.

பத்து நாள் ஒத்தாசைன்னு போனது, இப்ப வருசம் திரும்பப் போகுது. இன்னும் நெருக்கடி தீரலைங்க அவளுக்கு. நான் என்ன பண்றது?

போன வாரம் என்ன நடந்துச்சு தெரியுங்களா? பழைய மொதலாளி என் வூட்டுக்கே வந்துட்டாரு. முட்டி வலியோட, தடியை ஊனிக்கிட்டு. தீபக்கு வேற பெரிய எடம் கெடச்சுப் போயிட்டானாம். "ராக்கியப்பா, உன் நாற்காலி அப்படியே இருக்குது. இப்ப வாங்கறதைப் போல ஒண்ணரை மடங்கு தர்றேன். வந்துரு"ங்கறாரு. அந்தக் கடை என் வூட்டுல இருந்து நடந்து போற தூரமுங்க. மத்தியானம் வூட்டுக்கு வந்து சாப்புட்டுப்போட்டு ஒரு தூக்கம் போட்டுட்டுப் போலாம். ராசாமணி கதவுக்குப் பின்னால நின்னு பாக்கறா, நான் என்ன சொல்லப் போறேன்னு.

மாட்டேன்னு சொல்லிப்போட்டேன்.

ஏன்னு கேட்டாரு. எனக்குஞ் செரியாச் சொல்லத் தெரியலீங்க. மைக்கைக் கழட்டிர்றேன்னுகூடச் சொன்னாரு. "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, நான் போட்டது நல்ல விதிதான், அதைக் கழட்டாதீங்க"ன்னு நானே சொன்னேன். நீங்களும் உங்க கடையில அதையே போடுங்க தம்பி. ஒரு மைக்கு வாங்குங்க. கடைசி ஆளைப் படிங்க. போறவன் போகட்டும்.

என்ன, வெள்ளகோயில் வந்துருச்சுங்களா? வழி உடுங்க, எறங்கோணும். நேத்து அஞ்சு நிமிசம் லேட்டு, எல்லாரும் டீயை மூடி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க, நான் வந்தாத்தான் குடிப்பாங்களாம். கிறுக்குப் புடிச்சதுக.

அந்த நாற்காலியை ஏன் வேண்டாம்னேன்னுதான கேக்கறீங்க? வேற ஒண்ணுமில்லீங்க. வெள்ளகோயிலுக்கு பஸ் வசதி நல்லா இருக்குது. எப்பவாச்சும் ஒரு நாளைக்கு, இன்னிக்கு மாதிரி, உக்கார எடங்கூடக் கெடைக்குது.